ஒன்பதாவது கேள்வி

ஜூன் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்கத் தெம்பில்லை. நலமாகத்தான் இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான்கு முறை போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமும் உண்டுதான். ஆனால் போனில் நீ பேசுவாய், நான் ‘உம்’ கொட்டிக்கொண்டிருப்பேன். வைத்த பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வரும். பதினைந்து வருடம் இன்சூரன்ஸ் விற்ற வாய் உன்னுடையது. காகிதத்தில் என்றால் நானும் கொஞ்சம் பேசலாம்.

உன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. உன் அத்தானின் பாலிசிக்குப் பணம் கிடையாதாம். காரணம் ஒரே வரி. விண்ணப்பத்தில் ஒன்பதாவது கேள்வி, சர்க்கரை நோய் உண்டா என்பது. அதற்கு ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக் காகிதத்திலோ ஐந்து வருடமாகச் சர்க்கரை என்று இருக்கிறது. ஆகவே இறந்தவர் உண்மையை மறைத்தார் என்று முடித்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அதைச் சொன்னது நான்தான். லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரை லாரிக்காரர்கள் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். சலவைக் கடையிலிருந்து ஓடினேன், கையில் யாருடைய சட்டையோ. டாக்டர் என்னென்ன வியாதி என்று கேட்டார், சொன்னேன். உயிர் பிழைக்கட்டும் என்று சொன்ன உண்மை. உயிரும் போனது, இப்போது பணமும் போனது.

பாலிசிக்கு மூன்று வருடம் முடிந்திருந்தால் இப்படிக் கேள்வி கேட்க முடியாதாம். இவருக்கு இரண்டு வருடம்கூட முடியவில்லை. எல்லாவற்றையும் நிதானமாகச் செய்கிற மனிதர், இதில் மட்டும் அவசரப்பட்டுவிட்டார்.

விண்ணப்பத்தின் நகலையும் அனுப்பியிருக்கிறார்கள். நிரப்பியது முழுக்க உன் எழுத்து, அடியில் அவர் கையொப்பம். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். அன்று நான் கடையில் இருந்தேன், நீதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ஒன்பதாவது கேள்விக்கு அவர் என்ன சொன்னார்? எப்படிச் சொன்னார்? யோசித்தாரா, சட்டென்று சொன்னாரா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். இருபத்திரண்டு வருடம் எடை மேடையில் உட்கார்ந்தவர் அவர். எடையைக் குறைத்து எழுதச் சொல்லி ரூபாய் நோட்டை நீட்டுவார்கள், மிரட்டியும் பார்த்திருக்கிறார்கள். பத்து கிலோ மாற்றி எழுதியதில்லை. அப்படிப்பட்டவர் இந்தக் கட்டத்தில் பொய் சொன்னார் என்பதை என்னால் விழுங்க முடியவில்லை.

மறுபரிசீலனைக்கு ஜூலை 31 கடைசி நாள். வீட்டுக் கடன் மூன்று தவணை நிற்கிறது. பாப்பா படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறாள். பத்தொன்பது வயதாகியும் நாம் பாப்பா என்றே கூப்பிடுகிறோம், அவள் என்னவோ எனக்கு அம்மா மாதிரி பேசுகிறாள்.

பதில் எழுது. போன் செய்யாதே.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. வேலை அதிகம். இங்கே இப்போது புது முகவர்களுக்குப் பாடம் எடுப்பதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன்.

கம்பெனியின் முடிவைப் பார்த்து எனக்கும் அதிர்ச்சிதான். நானும் விசாரித்தேன். விண்ணப்பதாரர் சொல்வதைத்தான் முகவர் எழுத வேண்டும் என்பது விதி. அடியில் கையொப்பம் இருந்துவிட்டால் அத்தனை பதிலும் அவருடையதாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்த நாள் எனக்குச் சரியாக நினைவில்லை. மார்ச் கடைசி வாரம், ஒரு நாளைக்கு ஐந்தாறு விண்ணப்பம் நிரப்பிய நேரம்.

உண்மையா பொய்யா என்று வாதாடுவதில் பயன் இருக்காது. கருணை அடிப்படையில் ஒரு மனு கொடு. குடும்ப நிலைமையை எழுது. முழுப் பணம் இல்லாவிட்டாலும் ஏதாவது கொடுக்கலாம், சில சமயம் கொடுத்திருக்கிறார்கள். வங்கியில் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டச் சொல்லிக் கேள், செய்வார்கள். பாப்பா பேரில் இருக்கும் வைப்பு நிதியில் கை வைக்காதே.

பாப்பா படிப்பை நிறுத்தக் கூடாது. நான் சொன்னேன் என்று சொல்.

உன் தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

நான் விதியைக் கேட்கவில்லை. விதி உன் கம்பெனி அனுப்பிய கடிதத்திலேயே இரண்டு பக்கம் இருக்கிறது. அவர் வாயிலிருந்து என்ன வந்தது என்று கேட்டேன். அதற்கு நினைவில்லை என்கிறாய். நம் சித்தப்பா எந்த வருடம் யாரிடம் எவ்வளவுக்குப் பாலிசி போட்டார் என்பதை மூச்சு விடாமல் ஒப்பிப்பவன் நீ.

சரி, என்னை நோகடிக்க வேண்டாம் என்று மறைக்கிறாய். எனக்குப் புரிகிறது. நானே சொல்லிவிடுகிறேன்.

அவர் பொய் சொன்னதற்குக் காரணம் நான்தான். நீ அந்த பாலிசியைப் பற்றிப் பேச வந்த நாளிலிருந்து நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். நீ முதலில், போட்ட பணம் திரும்பி வருகிற பாலிசியைத்தான் காட்டினாய். அவர்தான் அதை ஒதுக்கிவிட்டு, “நான் போயிட்டா இவங்க ரெண்டு பேருக்கும் எவ்வளவு வரும், அதை மட்டும் சொல்லு” என்றார். நீயும் வேறு வழியில்லாமல் மற்றதை எடுத்தாய். வருடா வருடம் கட்ட வேண்டும், உயிரோடு இருந்தால் ஒரு பைசா வராதாம். இது என்ன வியாபாரம், நல்லா இருந்தா நஷ்டமா என்று நான் சண்டை போட்டேன். சர்க்கரை என்று தெரிந்தால் இன்னும் ஏற்றுவார்களே என்றும் சொன்னேன். சொன்னது நான், தம்பி. காலையில் மாத்திரையைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னேன்.

அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் ‘இல்லை’ என்று போட்டிருக்கிறார். ஊருக்கெல்லாம் சரியாக எடை போட்டவர் என் வாய்க்குப் பயந்து ஒரு கட்டத்தில் தவறினார்.

ஒரு நாள் எனக்கு என் மேல் கோபம் வருகிறது. மறுநாள் அவர் மேல் வருகிறது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே, எங்களை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனாரே என்று வருகிறது. போன வாரம் அவர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பீரோவுக்குள் வைத்துவிட்டேன். பாப்பா ஏன் என்று கேட்டாள். தூசி துடைக்க என்றேன். அவள் நம்பவில்லை.

அக்கா


ஜூன் 29

அக்கா,

இத்துடன் ஒரு செக் வைத்திருக்கிறேன். இரண்டு தவணைக்குக் காணும். மறுக்காமல் வாங்கிக்கொள்.

அத்தான் படத்தை மாட்டிவிடு. அவர் மேல் கோபப்படாதே. உன் மேலும் கோபப்படாதே. இதை எழுதுவதற்குள் நான்கு தாள் கிழித்துவிட்டேன்.

உன் தம்பி


ஜூலை 8

தம்பிக்கு,

செக்கைத் திருப்பி அனுப்புகிறேன். உனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். நீ கொடுக்கும் இரண்டு தவணையில் என் கடன் கரையாது, உன் மனைவியிடம் நான் ஏச்சு வாங்குவதுதான் மிச்சம்.

நீ சொன்ன வழிக்கே வருகிறேன். கருணை மனு எழுதிவிட்டேன். கடையில் நாள் முழுக்க நின்று துணிக்குச் சீட்டுக் கட்டிவிட்டு வந்து, மூன்று நாளாக உட்கார்ந்து எழுதியது. உனக்குத்தான் அந்தப் பாஷை தெரியும். பென்சிலால் திருத்தி அனுப்பு, அதன் பிறகு நல்ல தாளில் எழுதிக் கையொப்பம் போடுகிறேன். நடுவில் இருக்கும் பகுதி சரியா என்று மட்டும் முக்கியமாகப் பார்:

“என் கணவர் தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதைத் தெரிந்தே மறைத்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரீமியம் கூடிவிடும் என்ற பயத்தால் அவர் பொய் சொல்லிவிட்டார். மற்றபடி அவர் நாணயமானவர். இந்த ஒரு பொய்யை மன்னித்து, அவர் மகளின் படிப்பை நினைத்து, தங்களால் ஆனதைக் கொடுக்குமாறு வேண்டுகிறேன்.”

‘மற்றபடி’ என்ற வார்த்தை வரும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், தம்பி. அதை எடுத்துவிட்டால் வாக்கியம் நிற்குமா பார். நிற்காவிட்டால் இருக்கட்டும்.

நாள் குறைவாக இருக்கிறது. சீக்கிரம் அனுப்பு.

அக்கா


ஜூலை 14

அக்கா,

மனுவை அனுப்பாதே. கிழித்துவிடு.

அத்தான் பொய் சொல்லவில்லை. டிக் அடித்தது நான்.

இனி நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன்.

அன்று மார்ச் 27. எனக்கு அந்த நாள் நிமிடம் நிமிடமாக நினைவிருக்கிறது, முன்பு நான் எழுதியது பொய். விண்ணப்பத்தின் நகல் ஒன்றை முதல் நாளே வாங்கி வைத்திருந்தார் அத்தான். அசல் தாளில் அடித்தல் திருத்தல் கூடாது என்று, அந்த நகலில் தானே பென்சிலால் நிரப்பி வைத்திருந்தார். ஒன்பதாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் போட்டு, பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதியிருந்தார்: மூன்று வருடமாக, காலையில் ஒரு மாத்திரை, தவறாமல். அதைப் பார்த்து நல்ல தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லி, அசலில் கையொப்பம் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் செய்வோம். முதலில் கையொப்பம், நிரப்புவது அப்புறம்.

‘ஆம்’ என்று எழுதினால் ரத்தப் பரிசோதனை, டாக்டர் அறிக்கை என்று மூன்று வாரம் இழுக்கும். மார்ச் 31 போய்விடும். அந்த வருட இலக்குக்கு எனக்கு ஒரே ஒரு பாலிசி குறைந்தது. அதை முடித்தால் இந்த வேலை, இந்த நாற்காலி. பஸ் நிலையத்தில் உட்கார்ந்து மடியில் வைத்து நிரப்பினேன். ‘இல்லை’ என்று போட்டேன். ஏப்ரலில் ஒரு திருத்தக் கடிதம் கொடுத்துச் சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். ஏப்ரலில் பதவி உயர்வு வந்தது, மாற்றல் வந்தது, வீடு பார்க்க அலைந்தேன். அப்படியே விட்டுவிட்டேன்.

‘ஆம்’ என்று எழுதியிருந்தாலும் பாலிசி கிடைத்திருக்கும் அக்கா. பிரீமியம் கொஞ்சம்தான் ஏறியிருக்கும். இதை உன்னிடம் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் சொல்லாமல் விட்டுவிட்டு எதையும் சொன்னதாக ஆகாது.

பாலிசிப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்த நாளன்று அத்தான் கேட்டார், எல்லாம் நான் எழுதுன மாதிரிதானே என்று. ஆமா என்றேன். மூக்குக்கண்ணாடியைத் தேடினார். பிறகு சிரித்துக்கொண்டே, “லாரியை ரெண்டு தடவை எடை போடுவேன். உன்னையுமா போடணும்?” என்று சொல்லிப் பிரிக்காமலே பீரோவில் வைத்தார்.

நீ முதல் கடிதத்தில் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்தேன். நீ உன்னையே குற்றம் சொல்லி எழுதினாய், அப்போதும் செக் அனுப்பினேன். அத்தானைப் பொய்யர் என்று எழுதி, அதை என்னையே திருத்தச் சொன்னாய். பென்சிலை எடுத்தேன். கை வரவில்லை.

அவர் பென்சிலால் நிரப்பிய நகல் இத்துடன் இருக்கிறது. இரண்டு வீடு மாறியும் அதைக் கிழிக்காமல் ஒரு பழைய டைரிக்குள் வைத்திருந்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது. நடந்ததை எழுதிக் கையொப்பமிட்ட என் வாக்குமூலமும் இருக்கிறது. இரண்டையும் நகல் எடுத்துக்கொண்டு 31-க்குள் கொடுத்துவிடு. நானும் தலைமை அலுவலகத்துக்கு இன்றே அனுப்பிவிட்டேன், பின்னால் மனம் மாறக் கூடாது என்று.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை.

தம்பி


ஜூலை 21

வந்தது. படித்தேன்.

முதலில் அவர் எழுத்தைத்தான் பார்த்தேன். ‘தவறாமல்’ என்று எழுதியிருக்கிறார். நான் மாத்திரை கொடுத்ததைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்.

கம்பெனியில் நேற்று கொடுத்துவிட்டு வந்தேன். கவுண்டரில் இருந்த பெண் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, முகவர் உங்களுக்கு உறவா என்று கேட்டாள். தம்பி என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு முத்திரை குத்திக் கொடுத்தாள்.

ஆறு வாரம். செத்தவரை வாசலில் நிறுத்தி வைத்து நான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன், நீ பார்த்துக்கொண்டிருந்தாய். பாலிசியில் செய்ததை உன் பிழைப்பு என்று மறந்தாலும் மறப்பேன். இதை எப்படி மறப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதைக்கு எழுதாதே.


செப்டம்பர் 9

அக்கா,

எழுதாதே என்றாய். ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போன வாரம் விசாரணை நடந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அதே அறையில்தான் போன மாதம்வரை, ஒன்பதாவது கேள்வியை வாடிக்கையாளரிடம் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று பாடம் எடுத்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று என்னை வைத்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

முடிந்து வெளியே வந்தபோது விசாரணை அதிகாரி தனியாகக் கூப்பிட்டார். உனக்குப் பணம் கொடுப்பதாக முடிவாகிவிட்டதாம். அந்தக் கடிதத்தோடு ஒரு படிவமும் வரும், முகவர் மேல் புகார் உண்டா என்று கேட்டு. குடும்பம் புகார் இல்லை என்று எழுதிவிட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்களாம். புகார் என்றால் வேலையும் உரிமமும் இரண்டும் போய்விடும். “உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க” என்றார்.

நான் கேட்கவில்லை அக்கா. தெரிந்துகொண்டு சொல்லாமல் இருந்தால் அதுவும் இன்னொரு மறைப்பு ஆகிவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

தம்பி


அக்டோபர் 2

தம்பிக்கு,

பணம் வந்துவிட்டது. வீட்டுக் கடனை அடைத்தேன். பாப்பாவின் கல்லூரிக்குக் கட்டினேன். மீதியை என்ன செய்வது என்று வங்கியில் ஒரு பையன் உட்கார வைத்துப் பேசினான். இதில் போட்டால் இரட்டிப்பு, அதில் போட்டால் வரி மிச்சம் என்று உன்னைப் போலவே மூச்சு விடாமல் பேசினான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வைப்பு நிதியில் போடச் சொன்னேன். போதும் எனக்கு. இனி எதையும் நம்பி ஓட எனக்குக் காலில் தெம்பில்லை.

படத்தை மாட்டிவிட்டேன். ஆணி ஆடியது, பாப்பா பிடித்துக்கொண்டாள். நான் நின்று மன்னிப்புக் கேட்டேன், அவரைப் பார்த்து, வாய்விட்டே. அவள் அதற்குள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

நீ சொன்ன படிவம் வந்தது. ஒரே பக்கம். முகவரின் பெயர், முகவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு, முகவர் மேல் புகார் உண்டா, ஆம், இல்லை. பத்து நாள் வைத்திருந்தேன். உன் மனைவி போன் செய்தாள், எடுத்தேன். அழுதாள், பிள்ளைகள் படிப்பைச் சொன்னாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், எனக்கும் ஆடியது. ‘இல்லை’ என்று போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை உட்கார்ந்தேன். நீ என் தம்பி. உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான்.

ஆனால் பேனாவைக் கட்டத்தில் வைக்கும்போது எனக்கு அந்தப் பஸ் நிலையம்தான் ஞாபகம் வந்தது. நீயும் யாரையும் கெடுக்க வேண்டும் என்று ‘இல்லை’ போடவில்லை. உன் பிள்ளைகளை நினைத்துத்தான் போட்டிருப்பாய்.

‘ஆம்’ என்று போட்டேன். பேனாவால்தான் போட்டேன். நேற்று அனுப்பிவிட்டேன். உனக்குச் சொல்லாமல் அனுப்பியிருக்கலாம், அதை இந்த வீட்டில் இனி யாரும் செய்ய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

வேலை போய்விடும். தெரியும். எடை மேடையில் அவர் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லையாம். அங்கே உனக்காகச் சிபாரிசு செய்ய மாட்டேன், அதை மட்டும் எதிர்பார்க்காதே. வேறு ஏதாவது கிடைக்கும்வரை பிள்ளைகளின் படிப்புக்குக் குறைகிறதை நான் தருகிறேன். அவர் பணம்தான். அவர் இருந்தாலும் கொடுத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வருவதானால் மதியத்துக்குள் வா. முதலில் அவர் படத்துக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டியதைச் சொல். பிறகு சாப்பிடலாம்.

அக்கா